மகளின் கணக்கு வகுப்பும் ஒரு பெட்டியும்: பாடம் திட்டமிடும் முறையை மாற்றிய ஸ்கின்னரின் கதை

1953 நவம்பர் 11. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள ஷேடி ஹில் பள்ளி. பிள்ளைகளின் வகுப்பு எப்படி நடக்கிறது என்று அப்பாக்கள் வந்து பார்க்கும் நாள் அது. நான்காம் வகுப்பின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த அப்பாக்களில் ஒருவர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் பி.எஃப்.ஸ்கின்னர். இளைய மகள் டெபோரா அந்த வகுப்பில்தான் படித்தாள்.

கணக்கு பீரியட். போர்டில் கணக்கு எழுதப்பட்டிருந்தது. பிள்ளைகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் நடுவே நடந்தபடி, அங்கங்கே ஒரு தவறைச் சுட்டிக்காட்டினார். சில பிள்ளைகள் மளமளவென்று முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நெளிந்தார்கள். சில பிள்ளைகள் முதல் கணக்கிலேயே மாட்டிக்கொண்டு விழித்தார்கள். கடைசியில் தாள்களை எல்லாம் வாங்கிக்கொண்டார் டீச்சர். திருத்தி மறுநாள் தருவார்.

உலகத்தின் எந்தப் பள்ளியிலும் பார்க்கக்கூடிய காட்சிதான். ஆனால் ஸ்கின்னருக்குப் பொறுக்கவில்லை. கற்றல் பற்றி அவர் ஆய்வகத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் கண்டுபிடித்தவை அனைத்தும் அந்த அறையில் தலைகீழாக நடந்துகொண்டிருந்தன. அதில் டீச்சர் மீது தப்பில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. அடுத்த சில நாட்களிலேயே வீட்டில் ஒரு சின்னக் கருவியைச் செய்ய ஆரம்பித்தார்.

இன்று மொபைலில் ஒரு கேள்விக்குப் பதில் தட்டியதும் பச்சை டிக் வருகிறதே, அதன் பூர்வீகத்தைத் தேடிப்போனால் அந்தக் கருவியில் போய் நிற்கும். ஸ்மார்ட் போர்டும் டேப்லெட்டும் வைத்துப் பாடம் நடத்தும் டீச்சர்கள் எழுதும் பாடத்திட்டத்துக்கும் அங்கே ஒரு வேர் இருக்கிறது.

யார் இந்த ஸ்கின்னர்?

பர்ரஸ் ஃபிரெடரிக் ஸ்கின்னர் 1904 மார்ச் 20 அன்று, பென்சில்வேனியா மாநிலத்தின் சஸ்குவெஹானா என்ற சிறு ரயில்வே ஊரில் பிறந்தார். அப்பா வக்கீல். சின்ன வயதிலிருந்தே எதையாவது செய்துகொண்டிருக்கும் கை. நண்பனோடு காட்டுப் பழங்களைப் பறித்து வீடு வீடாக விற்றபோது, பழுத்ததையும் காயையும் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிரிக்க ஒரு ஏற்பாடு செய்தார். இரவு உடையைக் கழற்றிப் போட்டபடியே போகிறான் என்று அம்மா திட்டியதும், உடையை ஆணியில் மாட்டாவிட்டால் வாசலில் ஒரு அட்டை தொங்கி நினைவூட்டும்படி ஒரு கருவி செய்தார். திட்டுவதற்கு ஆளே தேவையில்லை!

பள்ளியில் அவருக்கு வாய்த்தவர் மேரி கிரேவ்ஸ் என்ற ஆசிரியை. எட்டாம் வகுப்பில் ஷேக்ஸ்பியர் நாடகம் நடந்துகொண்டிருந்தது. இதை எழுதியது பிரான்சிஸ் பேக்கன் என்று சிலர் சொல்வதாக வீட்டில் அப்பா பேச்சோடு பேச்சாகச் சொல்ல, மறுநாள் வகுப்பில் பையன் அதை உறுதியாக அறிவித்துவிட்டான். உனக்கு அதைப் பற்றி என்ன தெரியும் என்று மடக்கினார் மிஸ் கிரேவ்ஸ். ரோஷம் வந்த பையன் நேராக ஊர் நூலகத்துக்குப் போய், பேக்கன் பற்றியும் பேக்கன் எழுதியதையும் தேடித் தேடிப் படித்தான். இந்தச் சம்பவத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிவில் மிஸ் கிரேவ்ஸ் திரும்ப வருவார்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து 1926-ல் பட்டம் பெற்ற ஸ்கின்னருக்கு, எழுத்தாளர் ஆக வேண்டும் என்பதே ஆசை. கவிஞர் ராபர்ட் ஃபிராஸ்ட் அவருடைய கதைகளைப் படித்துப் பாராட்டிக் கடிதம் எழுதியிருந்தார். அந்தத் தெம்பில், பெற்றோர் வீட்டில் உட்கார்ந்து ஒரு வருடம் எழுதிப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. தன்னிடம் சொல்வதற்கு விஷயமே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. பாவ்லோவ், வாட்சன் போன்றவர்களைப் பற்றிப் படித்தவர், மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை அறிவியலாகப் படிப்போம் என்று 1928-ல் ஹார்வர்டில் சேர்ந்தார். 1931-ல் முனைவர் பட்டம்.

எலியும் புறாவும் சொல்லிக்கொடுத்தது

அவர் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வருவது ‘ஸ்கின்னர் பாக்ஸ்’. ஒரு பெட்டி, உள்ளே ஒரு எலி, அழுத்துவதற்கு ஒரு நெம்புகோல். அழுத்தினால் தீனி விழும். விழுந்த மறுநொடியே, எலி மறுபடி அழுத்துவதற்கான வாய்ப்பு கூடுகிறது. ஒரு செயலுக்கு அடுத்து என்ன கிடைக்கிறதோ, அதுதான் அந்தச் செயல் திரும்ப நடக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. இதுதான் அவர் ஆய்வின் மையம்.

இரண்டாம் உலகப் போரின்போது, மினியாபொலிஸில் ஒரு மாவு மில்லின் மேல்தளத்தில் புறாக்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். குண்டின் மூக்குப் பகுதியில் புறாவை வைத்து, இலக்கைக் கொத்தவிட்டுக் குண்டுக்கு வழிகாட்டலாம் என்பது திட்டம். ராணுவம் அதை நம்பவில்லை, 1944-ல் கைவிட்டது. ஆனால் 1943-ல் அதே மில்லில் ஒரு நாள், ஸ்கின்னரும் சகாக்களும் ஒரு புறாவுக்குப் பந்து தள்ளக் கற்றுக்கொடுக்க முயன்றார்கள். புறா தானாகப் பந்தைத் தள்ளட்டும் என்று காத்திருந்தால் நடக்கவில்லை. சரி என்று, பந்தின் பக்கம் லேசாகப் பார்த்தாலே தீனி கொடுத்தார்கள். பிறகு நெருங்கினால் தீனி. பிறகு தொட்டால் தீனி. சில நிமிடங்களில் புறா பந்தைச் சுவரில் மோதவிட்டு விளையாடிக்கொண்டிருந்தது.

பெரிய திறமையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் உடனே பலன் தெரிய வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து மகளின் வகுப்பில் உட்கார்ந்தபோது அவர் தேடியதும் இதைத்தான்.

வகுப்பில் பார்த்த இரண்டு கோளாறுகள்

முதலாவது, போட்ட கணக்கு சரியா தப்பா என்பது பிள்ளைக்கு மறுநாள்தான் தெரிகிறது. அதற்குள் தவறான முறையிலேயே பத்துக் கணக்கு போட்டிருப்பான். தப்பு அதற்குள் பழகிப்போயிருக்கும்.

இரண்டாவது, வேகமாகப் படிப்பவன், மெதுவாகப் படிப்பவன் எல்லோரும் ஒரே வேகத்தில் போக வேண்டியிருக்கிறது. ஒருவனுக்குச் சலிப்பு, இன்னொருவனுக்குப் பயம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு விடைக்கும் உடனுக்குடன் பதில் சொல்ல, ஒரு டீச்சரால் எப்படி முடியும்? அதற்குத்தான் கருவி.

1954 மார்ச்சில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நடந்த கருத்தரங்கில் அதைக் காட்டினார். சின்ன ரெக்கார்டு பிளேயர் அளவு பெட்டி. மேலே ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு. அதில் கணக்கு தெரியும். 0 முதல் 9 வரை எண்கள் எழுதிய பட்டைகளை நகர்த்தி விடையை வைத்துவிட்டு, குமிழைத் திருக வேண்டும். விடை சரி என்றால் குமிழ் சுலபமாகத் திரும்பும்; மணி அடிக்கவும் வைக்கலாம். தப்பு என்றால் திரும்பாது. யாரும் திட்ட மாட்டார்கள். இன்னொரு முறை முயற்சி செய்யலாம்.

இது உலகின் முதல் கருவி கிடையாது. ஓஹையோவில் சிட்னி பிரெசி என்ற உளவியலாளர் 1920-களிலேயே ஒரு கருவி செய்திருந்தார். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பட்டனை அழுத்த வேண்டும். சரியான விடைகளுக்கு மிட்டாய் விழும்படிகூட அதை அமைக்கலாம். ஸ்கின்னருக்கு அது பின்னால்தான் தெரியவந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். பிரெசியின் கருவி, ஏற்கெனவே படித்ததைச் சோதித்தது. ஸ்கின்னர் கேட்டது, புதிதாகக் கற்றுத்தரும் கருவி. அதனால் கொடுத்த நான்கில் ஒன்றைத் தொட்டால் போதாது, விடையைப் பிள்ளையே உருவாக்க வேண்டும் என்றார்.

பாடம் எழுதியதுதான் பெரிய வேலை

பெட்டி செய்தது சுலபம். அதற்குள் என்ன போடுவது என்பதில்தான் ஸ்கின்னர் உண்மையிலேயே திணறினார். மெஷின் பாடம் நடத்தாது, அந்தப் பாடத்தை யோசித்து எழுதியவரிடம் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான் என்பது அவர் நிலைப்பாடு.

1958-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில் ஒரு மாதிரி தந்தார். மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘மேனுஃபாக்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டலைக் கற்றுத்தர வேண்டும். மொத்தம் ஆறு கட்டங்கள். முதலில் சொல்லின் பொருளைச் சொல்லி, அப்படியே பார்த்து எழுதச் சொல்கிறது. அடுத்து, ‘ஃபாக்டரி’யில் வரும் பகுதி இதிலும் இருக்கிறது என்று காட்டி, அந்த இடத்தை நிரப்பச் சொல்கிறது. பிறகு, கையைக் குறிக்கும் ‘மேனுவல்’ என்ற சொல்லோடு தொடர்புள்ள பகுதி. அப்புறம் இரண்டு இடங்களில் வரும் ஒரே எழுத்து. குறிப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசிக் கட்டத்தில் முழுச் சொல்லையும் பிள்ளையே எழுதிவிடும். மனப்பாடம் செய் என்று யாரும் சொல்லவில்லை.

ஹார்வர்டில் தன் மாணவர்களுக்கு அவர் வைத்த மெஷினில் 12 அங்குல வட்டத்தகடு ஒன்று சுழலும். அதில் 30 கேள்விக் கட்டங்கள். மாணவர் காகிதப் பட்டையில் விடை எழுதி நெம்புகோலைத் தூக்கினால், சரியான விடை தெரியும். அதற்குள் அவர் எழுதியது கண்ணாடிக்குக் கீழே நகர்ந்துவிடும், திருத்த முடியாது. சரியாக எழுதிய கேள்வி அடுத்த சுற்றில் வராது. தப்பியது மட்டும் திரும்ப வரும்.

ஒரு கட்டத்தில் நிறையப் பேர் தவறு செய்தால் என்ன அர்த்தம்? மாணவர் மக்கு என்று ஸ்கின்னர் சொல்லவில்லை. அந்தக் கட்டம் மோசமாக எழுதப்பட்டிருக்கிறது. திருத்து, இடையில் இன்னொரு படி வை, மறுபடி சோதித்துப் பார் என்றார். வகுப்பில் பாதிப் பேர் ஃபெயில் ஆனால் பசங்களைக் குறை சொல்வதுதான் உலக வழக்கம். அதைத் திருப்பிப் போட்டார்.

பரபரப்பும் சரிவும்

1957-ல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா ஆடிப்போனது. நம் பள்ளிகள் பின்தங்கிவிட்டன என்ற பதற்றத்தில் 1958-ல் சட்டம் இயற்றி, கல்விக்குப் பணத்தைக் கொட்டியது அரசு. டீச்சிங் மெஷின் திடீரென்று சூடான சரக்கானது. வீடு வீடாக விற்க ஆரம்பித்தார்கள்.

ஸ்கின்னருக்கு அது நல்ல காலமாக அமையவில்லை. ஐபிஎம் நிறுவனம் அவரோடு கைகோத்து மாதிரிகள் செய்தது. மெஷின் சந்தைக்கே வரவில்லை. அடுத்து, வாட்டர் ஹீட்டர் தயாரிக்கும் ரீம் நிறுவனம் ‘டைடாக்’ என்ற பெயரில் செய்ய முன்வந்தது. அதுவும் தாமதமாகித் தாமதமாகிக் கைவிடப்பட்டது. மறுபக்கம், அவசர அவசரமாக எழுதப்பட்ட பாடங்கள் சந்தையில் குவிந்தன. யாரும் மாணவர்களிடம் சோதித்துப் பார்க்கவில்லை. ஒரே மாதிரிக் கோடிட்ட இடங்களை நிரப்பி நிரப்பிப் பிள்ளைகள் அலுத்துப்போனார்கள். 1960-களின் முடிவில் மெஷின்கள் பெரும்பாலும் மூலைக்குப் போய்விட்டன.

பெட்டியை வாங்கிவிட்டு, உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று யோசிக்காததன் விலை அது. பிள்ளைகளின் கையில் டேப்லெட் கொடுக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் இன்றும் அதே ஆபத்து காத்திருக்கிறது.

மெஷின் போனது, முறை நின்றது

ஆனால் அந்தப் பாடங்களை எழுத உருவான ஒழுங்கு செத்துப்போகவில்லை. 1962-ல் ராபர்ட் மேகர், பாட நோக்கத்தை எப்படி எழுதுவது என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். பாடம் முடிந்ததும் மாணவர் என்ன செய்து காட்டுவார், எந்தச் சூழலில், எவ்வளவு சரியாக என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். 1965-ல் ராபர்ட் கானியே, கற்றல் நடப்பதற்கான நிலைமைகளைப் பற்றி எழுதினார். கவனத்தை ஈர்ப்பதில் தொடங்கி, படித்ததைப் புதிய இடத்தில் பயன்படுத்துவது வரை ஒன்பது நிகழ்வுகளாகப் பாடத்தைத் திட்டமிடும் முறை அவர் பெயரில் நிலைத்தது.

1975-ல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்க ராணுவப் பயிற்சிக்காக ஒரு முறையை வகுத்தது. அதுதான் பின்னாளில் ‘ஆடி’ மாடல் ஆனது. ஆடி மாதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள். ஆராய்தல், வடிவமைத்தல், உருவாக்குதல், நடத்துதல், மதிப்பிடுதல் என்று தமிழில் சொல்லலாம். கார்ப்பரேட் டிரெய்னிங்கில் வேலை செய்பவர்களுக்கு இது தினசரிச் சொல்.

இவர்கள் யாரும் ஸ்கின்னரின் நகல்கள் அல்ல. கானியே, மனதுக்குள் நடப்பதையும் கணக்கில் எடுத்தார். அதை ஸ்கின்னர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனாலும் நோக்கத்தைத் தெளிவாக எழுது, படிகளாகப் பிரி, செய்யவை, உடனே பதில் சொல், சோதித்துத் திருத்து என்ற வரிசையில் அவருடைய கைரேகை இருக்கிறது.

ஒரு வகுப்பில் இது எப்படி வேலை செய்யும்?

ஐந்தாம் வகுப்பில் அரையையும் காலையும் கூட்டக் கற்றுத்தர வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். பின்னக் கூட்டலைப் புரிந்துகொள்வார்கள் என்று நோக்கம் எழுதினால், புரிந்ததா என்று யாராலும் பார்க்க முடியாது. பகுதி வேறாக உள்ள இரண்டு பின்னங்களை, உதவி இல்லாமல், பத்தில் எட்டுக் கணக்கு சரியாகக் கூட்டுவார்கள் என்று எழுதினால் பார்க்க முடியும்.

அடுத்து, பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, 1/2 + 1/4 = 2/6 என்று எழுதுவது வழக்கமான தவறு. 2/6 என்பது அரையைவிடச் சின்னது. அரையோடு ஒன்றைக் கூட்டினால் எப்படிக் குறையும்? அப்படி எழுதும் பிள்ளைக்கு அரையும் இரண்டு காலும் ஒன்று என்பது கைவரவில்லை. அப்படியானால் பாடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிறகு படிகள். காகிதத்தை மடித்து அரையைக் காட்டுவது, அதையே மறுபடி மடித்து இரண்டு கால் ஆக்குவது, பாதி முடித்த கணக்கை நிரப்புவது, கடைசியில் முழுக் கணக்கு.

இவ்வளவும் முடிவான பிறகுதான் எந்தக் கருவி என்ற கேள்வி. மடிப்பதற்குக் காகிதமே போதும். ஆனால் 40 பிள்ளைகளின் விடையை உடனே பார்த்துப் பதில் சொல்ல டேப்லெட் கைகொடுக்கும். அதிலும், 2/6 என்று எழுதியவருக்கு வெறும் சிவப்புக் குறி போதாது. அரையைவிடக் குறைந்துவிட்டதே என்று பார்க்கவைக்கும் ஒரு படம் வர வேண்டும். பத்து நிமிட வீடியோ ஓடினால் பிள்ளை சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நிமிடத்தில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டால் வேலை செய்யும்.

வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் மூன்று பிள்ளைகளிடம் தனித்தனியே சோதித்துப் பார்ப்பது நல்லது. மூவரும் ஒரே படியில் தடுக்கினால், திருத்த வேண்டியது அந்தப் படியைத்தான்.

எதிர்ப்புகள்

ஸ்கின்னரை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. மொழியையும் பழக்கமாகவே விளக்கி அவர் 1957-ல் வெளியிட்ட புத்தகத்தை, மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி 1959-ல் விரிவான விமர்சனத்தில் கிழித்துப்போட்டார். குழந்தை இதுவரை கேட்டே இராத வாக்கியத்தைப் பேசுகிறது. அதைப் பரிசும் பழக்கமும் விளக்காது என்பது வாதம். கணினி குழந்தையைப் பழக்குவதற்குப் பதிலாக, குழந்தை கணினியைப் பழக்கட்டும் என்ற திசையில் 1980-ல் சீமோர் பாப்பர்ட் எழுதினார்.

வதந்திகளும் விடவில்லை. டெபோரா பிறந்த 1944-ல், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கண்ணாடி முகப்புள்ள ஒரு தொட்டிலை ஸ்கின்னர் செய்திருந்தார். எலிப் பெட்டியையும் இதையும் குழப்பிக்கொண்டவர்கள், மகள் மனநோயாளியாகித் தற்கொலை செய்துகொண்டாள் என்று கதை கட்டினார்கள். உண்மையில் அவர் ஓவியராகி லண்டனில் வாழ்ந்தார். 2004-ல் அந்தக் கட்டுக்கதையை மறுத்துத் தானே எழுதினார்.

மிஸ் கிரேவ்ஸுக்கு

1989-ல் ஸ்கின்னருக்கு ரத்தப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1990 ஆகஸ்ட் 10 அன்று, அமெரிக்க உளவியல் சங்கம் வாழ்நாள் சாதனைக்காக அவரைப் பாராட்டியபோது மேடையேறிப் பேசினார். எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 18 அன்று 86 வயதில் இறந்தார்.

டீச்சரைத் தூக்கிவிட்டு மெஷினை வைக்கப் பார்த்தவர் என்ற பழி அவர்மீது கடைசிவரை இருந்தது. ஆனால் மெஷின் வந்தால் டீச்சருக்குத் தாள் திருத்தும் சுமை குறையும், பிள்ளையோடு பேச நேரம் கிடைக்கும் என்பதுதான் அவர் வாதம். எழுத்துக்கூட்டலையும் கூட்டல் கணக்கையும் பெட்டி பார்த்துக்கொள்ளட்டும். அரைகுறையாகப் பேசிய எட்டாம் வகுப்புப் பையனை மடக்கி, நூலகத்துக்கு ஓடவைக்க ஒரு மனிதர் வேண்டும்.

இது அவருக்குத் தெரியாதது அல்ல. டீச்சிங் மெஷின் பற்றிய கட்டுரைகளையெல்லாம் தொகுத்து, 1968-ல் கற்பித்தலின் தொழில்நுட்பம் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதை அவர் காணிக்கையாக்கியது சஸ்குவெஹானாவின் மேரி கிரேவ்ஸ் டீச்சருக்கு.